காலை ஆறு பத்துக்கு வந்தவள்

லமுன் ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "தனா" என்றாள். பொட்டலத்தை அலமாரிக்குள் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மறுபடியும் தூக்கினாள். "தனா."

நாற்பது பொட்டலம். நாற்பது தடவை. பிறகு முட்டை, மீன் சாஸ் பாட்டில், வாழைப்பழச் சீப்பு, அன்று காலை பொரித்த கானாங்கெளுத்தி மீன். எதையும் நெற்றிக்குத் தூக்காமல் அவள் உள்ளே வைத்ததில்லை. துறவிகளின் பாத்திரத்தில் சோறு இடுவதற்கு முன்னால் எப்படித் தூக்குவாளோ அப்படியே.

அது அவளுடைய சோற்றுக்கடைக் கண்ணாடி அலமாரி. முன்பு அதில் குழம்புத் தட்டுகள் இருந்தன. மார்ச் மாதக் கடைசியில், கொரோனா பரவியதும், கடையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று உத்தரவு வந்தது. நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் ஏற்றினாள். ஏப்ரலில் தாய்லாந்துப் புத்தாண்டு வந்தது. வழக்கம்போல் யாரும் யார் மீதும் தண்ணீர் ஊற்றி விளையாடவில்லை. மே மாதம் ஊர் ஊராகத் தெருவோரம் உணவு அலமாரிகள் வைக்க ஆரம்பித்தார்கள். லமுனும் தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் வைத்தாள். மேலே அட்டையில் எழுதி ஒட்டினாள். 'தேவைக்கு எடுங்கள். இருந்தால் வையுங்கள்.'

மகன் தனா ஒரு பயணிகள் கப்பலில் துணி துவைக்கும் வேலையில் இருந்தான். பயணிகள் எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேலையாட்களை எந்தத் துறைமுகமும் ஏற்கவில்லை. மணிலாவுக்கு வெளியே கடலில் கப்பல் ஐந்து வாரமாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் இறந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். தனா அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் கணக்கு எளிமையானது. நாற்பது பேர் ஆளுக்கு ஒன்று எடுத்தால் நாற்பது வயிறு குளிரும். அந்தப் புண்ணியம் கப்பலுக்குப் போய்ச் சேரும். தனா இறங்கி வருவான்.

ஆனால் அலமாரி காலை ஆறரைக்கெல்லாம் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். ஏழு மணிக்கு வந்த படகுத்துறைக் கூலிக்காரர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்துக் கடை ஜியாப்தான் முதலில் சொன்னாள். ஜியாப் கைப்பேசி உறை விற்பவள். இப்போது முகக்கவசம் விற்றாள்.

"ஒரே ஆளு அள்ளிக்கிட்டுப் போகுதுக்கா. நான் அடிச்சுச் சொல்றேன்."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா சட்டையைப் புடிச்சிருக்க மாட்டேனா? உங்க பழைய ஃபோன் ஒண்ணு இருக்குல்ல, அதைக் கொடுங்க. ஜன்னல் கம்பியில கட்டிடுவோம்."

கட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவள் வந்தாள். லமுன் அந்தப் படத்தை ஜியாப்பின் கடையில் நின்று பார்த்தாள். மீன் கொட்டகையில் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸ். கன்னத்தில் சந்தனம் போல் மஞ்சள் பூச்சு. தள்ளுவண்டி ஒன்று. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு தட்டுத் தட்டாக எடுத்து வண்டியில் அடுக்கினாள். அவசரமே இல்லை. கடைசி முட்டையையும் எடுத்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அலமாரியைப் பார்த்துக் கைகூப்பினாள். போனாள்.

"கும்புடு வேற!" என்றாள் ஜியாப். "பர்மாக்காரி. கன்னத்தைப் பாத்தாலே தெரியுது."

லமுன் மறுபடியும் பார்த்தாள். நாற்பது தடவை தனா என்று சொன்னது. ஒருத்தி இரண்டு நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"அது மட்டுமா? மீன் சாஸ் பாட்டில் அஞ்சையும் மூலைக் கடையில கொடுத்துட்டு பால்பவுடர் வாங்கியிருக்கா. கடைக்காரர் என்கிட்டயே சொன்னாரு. வியாபாரம்கா, வியாபாரம். இணையத்துல நம்ம ஊர்க் குழுவுல போடட்டா?"

லமுன் காலி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடு" என்றாள்.

மாலைக்குள் ஐம்பத்திரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை ஜியாப் வாசித்துக் காட்டினாள். வெட்கம் கெட்டவள். நம்ம சோற்றைத் தின்ன வந்த கூட்டம். இவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பு. ஒருவர் படத்தைப் பெரிதாக்கி வண்டியின் பக்கவாட்டில் இருந்த வெள்ளை எழுத்தைச் சுட்டிக் காட்டியிருந்தார். 'ஹெங் வரிசை வீடுகள்.' ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் வாடகை அறைகள் அவை. அந்த மீன்பிடி ஊரான மகாசாயில் எல்லாருக்கும் தெரியும்.

மகனுக்காக வைத்த அலமாரி என்று ஜியாப் குறித்திருந்ததால் லமுனைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். தங்கமான மனசு. புண்ணியவதி. மகன் பத்திரமாக வருவான்.

அந்தக் கடைசி வரியை அவள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். இரண்டு மாதமாக அவளுக்குள் எதுவும் அசையவில்லை. சமைத்தாள், தூங்கினாள், செய்தியில் எண்களைப் பார்த்தாள். இன்று லேசாக ஏதோ ஒன்று அசைந்தது. அதற்கு மகிழ்ச்சி என்று பெயரா என்று அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் அலமாரி நிறைந்தே இருந்தது. ஏழு மணிக்கு ஒருவர் வந்தார். ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்து, ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எட்டு மணிக்கு ஒரு பெண் குழந்தையோடு வந்து சற்றுத் தள்ளி நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். எடுக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மத்தியானம் மீன் கெட்டுப்போனது. லமுன் அதைப் பூனைகளுக்கு எறிந்தாள்.

"பாத்தீங்களா, ஒழுங்கு வந்துடுச்சு" என்றாள் ஜியாப்.

நான்காம் நாள் தனா கூப்பிட்டான். திரையில் அவன் முகம் அடிக்கடி உறைந்து நின்றது. தாடி வளர்ந்திருந்தது. பின்னால் சுவர் மட்டும் தெரிந்தது.

"அம்மா, இன்னைக்கு என்ன கெழமை?"

"வியாழன்."

"ஓ."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அதே பெட்டிதான். கோழியா மீனான்னு நாங்க பந்தயம் கட்டுறோம். தின்னதுக்கப்புறமும் தெரிய மாட்டேங்குது."

அவள் அலமாரியைப் பற்றிச் சொன்னாள். நாற்பது பொட்டலத்தையும் அவன் பேர் சொல்லி வைத்ததைச் சொன்னாள். திருடியைப் பிடித்த கதையைச் சொன்னாள். ஐம்பத்திரண்டாயிரம் இப்போது ஒன்றேகால் லட்சம் ஆகிவிட்டது. அதையும் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள்.

திரை உறைந்திருக்கிறதோ என்று பார்த்தாள். உறையவில்லை. அவன் இமைத்தான்.

"தினமும் அந்தப் பொம்பள மட்டுந்தான் வந்தாளா?"

"ஆமா. ஒருத்தியே."

"எங்க தளத்துல இருபத்தாறு பேரு இருக்கோம்மா. யாரும் அறையை விட்டு வெளிய வரக்கூடாது. ரொமெல்னு ஒருத்தன். அவனுக்கு மட்டுந்தான் அனுமதி. அவன் வண்டியைத் தள்ளிக்கிட்டுச் சமையலறைக்குப் போவான். இருபத்தாறு பெட்டி, இருபத்தாறு தண்ணி பாட்டில், ஆப்பிள் இருந்தா அதையும் ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு வருவான். அவனை மட்டும் யாராவது படம் புடிச்சுப் போட்டா ஊரே காறித் துப்பும். தின்னிப் பண்டாரம்னு."

லமுன் ஃபோனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"அந்தப் பொம்பளகிட்ட கேட்டியாம்மா?"

"என்னத்தைக் கேக்கறது?"

"யாருக்குன்னு."

படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி அவன் நின்றான். பிறகு தொடர்பு அறுந்தது.

லமுன் அடுப்பை அணைத்தாள். முகக்கவசம் மாட்டினாள். முப்பது முட்டை அட்டை ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் நடந்தாள். வெயில் உச்சியில் நின்றது. தெருவில் நாய்கள் மட்டும் இருந்தன.

ஹெங்கின் வரிசையில் ஒன்பது அறைகள். ஒன்பது கதவிலும் பூட்டு. கொடியில் ஒரு சின்னக் குழந்தைச் சட்டை காய்ந்து விறைத்துப்போய்த் தொங்கியது. தள்ளுவண்டி தலைகீழாகச் சுவரில் சாய்ந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஹெங் குழாய்த் தண்ணீரால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். குளோரின் நாற்றம் மூக்கில் ஏறியது.

"எங்க போனாங்க எல்லாரும்?"

"வா லமுன், வா. ஊரெல்லாம் உன் பேச்சுதான்" என்றார் ஹெங். குழாயை நிறுத்தவில்லை. "உன் படத்துல என் பேரு தெரியுது பாத்தியா? மறுநாளே அதிகாரிங்க வந்துட்டாங்க. வேன்ல."

"எதுக்கு?"

"எதுக்கா? காகிதம் பாக்கத்தான். எறால் உரிக்கிற கொட்டகையை மூடி ரெண்டு மாசமாச்சு. கிட்டத்தட்ட எல்லாருக்கும் மார்ச்சுல வேலை அனுமதி முடிஞ்சுபோச்சு. பழைய மொதலாளி கையெழுத்துப் போடல. அலுவலகத்துக்குப் போனா அதுவும் பூட்டு. பயந்துகிட்டு அறைக்குள்ளயே கெடந்தாங்க. அந்த மீ சான் ஒருத்திகிட்டதான் செல்லுபடியாகற அட்டை இருந்துச்சு. அவ வெளிய போய்க் கொண்டாருவா. இங்க பங்கு போடுவாங்க. இதே எடத்துல, நடுவுல குவிச்சு வெச்சு."

"எத்தனை பேரு?"

"முப்பது இருக்கும். கொழந்தைங்களைச் சேத்தா அதுக்கும் மேல." அவர் குழாயை அடுத்த கதவுப் பக்கம் திருப்பினார். "ஏழு பேரைக் கொண்டுபோனாங்க. மத்தவங்க பின் சுவர் ஏறி ஓடிட்டாங்க. நான் பூட்டிட்டேன். எனக்கு எதுக்கு வம்பு? நீயே சொல்லு."

தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டு ஓடியது.

"மீ சான் எங்க?"

"மோன் இனத்து ஆளுங்க கோயில் பக்கம் பாத்ததா சொன்னாங்க. உனக்கு எதுக்கு? நல்ல பேரு வந்துடுச்சு, வீட்டுக்குப் போ."

மோன் கோயில் வாசலில் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். பக்கத்துச் சுவரோரம், சாமான்கள் மூட்டையாகக் கிடந்த இடத்தில், வெள்ளை பூட்ஸ் இரண்டு தனியாக நின்றன. அவற்றின் சொந்தக்காரி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை. எட்டு மாதம் இருக்கும். தூங்கவில்லை, அழவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

லமுன் எதிரில் நின்றாள். மீ சான் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு, உக்காரு" என்றாள் லமுன். அவளும் உட்கார்ந்தாள். முட்டை அட்டையை நடுவில் வைத்தாள். "உன் கொழந்தையா?"

"தங்கச்சிது."

"தங்கச்சி எங்க?"

"வேன்ல" என்றாள் மீ சான். அவளுக்குத் தாய்லாந்து மொழி துண்டு துண்டாகத்தான் வந்தது. "மே சோத் கொண்டுபோவாங்க சொன்னாங்க. எல்லைக்கு. எல்லை மூடியிருக்கு. அதனால அங்க அறைல வெச்சிருப்பாங்க. எத்தனை நாள் தெரியாது. அவளுக்குப் பால் இல்லக்கா. பயத்துல நின்னுபோச்சு, அப்பவே, ஏப்ரல்ல. அதான் பவுடர். அந்த பாட்டிலைக் கொடுத்து நான்தான் வாங்கினேன். தப்புதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லமுனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஏன் என்கிட்ட சொல்லல? கதவைத் தட்டியிருக்கலாமே."

"முப்பது பேர் ஒளிஞ்சிருக்காங்கன்னு எப்பிடிக்கா சொல்றது?" குழந்தையின் காலில் ஊர்ந்த எறும்பை அவள் தட்டிவிட்டாள். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க நல்லவங்கன்னு நெனைச்சேன். தினமும் கும்பிட்டேன்ல, உங்க அலமாரியை."

லமுன் வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல் வந்தது. அது சின்னதாக இருந்தது. சொன்னாள். மீ சான் தலையாட்டினாள். பேருந்து நேரத்தை யாரோ சொன்னதற்குத் தலையாட்டுவதைப் போல.

"பவுடர் இருக்கா?"

"நேத்தோட முடிஞ்சுது. சோத்துத் தண்ணி கொடுக்கறேன்."

லமுன் எழுந்து நடந்தாள். மூலைக் கடைக்குப் போய்ப் பால்பவுடர் வாங்கினாள். வரும் வழியில் ஜியாப்பைக் கைப்பேசியில் கூப்பிட்டு, போட்ட படத்தை உடனே எடு என்றாள். எடுத்துவிட்டாள் ஜியாப். ஆனால் வேறு நாற்பது இடத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். பாங்காக்கில் ஒரு தொலைக்காட்சியில்கூடக் காட்டினார்களாம். அவள் குரலில் இன்னமும் கொஞ்சம் பெருமை இருந்தது.

மூன்று மணிக்கு மீ சானும் குழந்தையும் லமுனின் பின்னால் கடைக்குள் வந்தார்கள். மீ சான் பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்தாள். லமுன் மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டாள். தண்ணீர் கொதித்தது. பவுடரைக் கலக்கினாள். குழந்தை புட்டியைப் பிடித்துக்கொண்ட வேகத்தில் புரை ஏறியது. இருமி முடித்ததும் மறுபடியும் குடித்தது.

மாடியில் தனாவின் அறை இருந்தது. அதைக் கூட்டித் துடைக்க லமுன் துடைப்பத்தை எடுத்தபோது ஜியாப் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக்கொண்டாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

"அக்கா, இங்க வாங்க. கொஞ்சம் வெளிய வாங்க."

"இங்கேயே சொல்லு."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போலீஸ் வந்தா? நோய் இருந்தா? நாளைக்கு இந்தத் தெருவையே அடைச்சுடுவாங்க!"

"அவகிட்ட அட்டை இருக்கு. காய்ச்சல் பாக்க சுகாதாரத் தொண்டர் அஞ்சு மணிக்கு வராங்க. நான்தான் வரச் சொன்னேன்."

"ஊரே உங்களைப் புண்ணியவதின்னு சொல்லுது. இப்ப இதைப் பாத்தா என்ன சொல்லும்? நாமதானே அவளைப் புடிச்சுக் கொடுத்தோம்!"

"ஆமா. நாமதான்."

ஜியாப் திகைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தனாவுக்காகச் செய்யறீங்களா? இதுல புண்ணியம் அதிகம்னு யாராவது சொன்னாங்களா?"

லமுன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பின்னால் நாற்காலியில் மீ சான் குழந்தைக்கு ஏதோ பாடுவது கேட்டது. புரியாத மொழி. ஒரே வரி, திரும்பத் திரும்ப.

"தனா வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது ஜியாப். அவன் பேரைச் சொல்லிச் சொல்லி வெச்சேன். எடுத்துக்கிட்டுப் போறவ பேரு என்னன்னு ஒரு நாளும் கேக்கல. என் பிள்ளையை ஒரு துறைமுகம்கூடக் கேக்க மாட்டேங்குதுன்னு அழுதேன். என் வாசலுக்கு வந்தவளை நானே கேக்கல. ஜன்னல்ல ஃபோனைக் கட்டினேன். ஒரு லட்சம் பேரு பாத்தாங்க. யாருக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? ஒரே ஒரு கேள்வி. அதைக் கேக்காததால ஒரு தாய் அங்க கெடக்கா, அவ பிள்ளை இங்க கெடக்கு. அதை இனிமே என்னால திருப்பிக் கொண்டாற முடியாது."

லமுன் வாசல் வரை நடந்து வந்தாள்.

"கொடுத்துட்டு எவ்வளவு எடுக்கறாங்கன்னு காவல் காக்கறது தானம் இல்ல. விசாரிக்காம ஒருத்தரைத் திருடின்னு ஊருக்குக் காட்டறது திருட்டை விடப் பெரிய பாவம். கை நீட்டறவங்களைப் படம் புடிக்காதே. பக்கத்துல போய், உனக்கு என்ன வேணும், உன் வீட்டுல எத்தனை பேருன்னு கேளு. நான் கேட்டிருக்கணும். நீயாவது கேளு."